ரீமா சென்னின் அனிதா – கடிதம்

வணக்கம் அண்ணா,

நான் வியாசர்பாடி. போன மாதம் நம்ம ஏரியா கூட்டத்தில் பேசும்போது, செல்வராகவனின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ ஏமாற்றமான படம், ஆனால் அதில் ரீமா சென் மாதிரி நடித்தவர்கள் தமிழில் குறைவு என்றீர்கள். என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாருக்கும் அது தலையில் வைத்துக் கொண்டாடும் படம். படமே சரியில்லை என்றால் நடிப்பு மட்டும் எப்படி நன்றாக இருக்கும்? அவர் பேசிய குரலும் அவருடையது இல்லையே. அதுவும் சோழர்களை அழிக்க வந்த வில்லி. அவரைப் போய் இப்படிப் பாராட்டலாமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், படத்தின் கோளாறே அங்கேதான் இருக்கிறது.

படம் 1279இல் தொடங்குகிறது. சோழ அரசு முடிந்துபோன காலம், எதிரில் இருந்தவன் மாறவர்மன் குலசேகர பாண்டியன். சோழ இளவரசனை ஒரு கூட்டத்தோடு ரகசிய இடத்துக்கு அனுப்புகிறார்கள், பாண்டியர்களின் சிலையும் அவர்களோடு போய்விடுகிறது. அந்தச் சிலையைத் தேடி இன்றைக்கு வருகிற பாண்டிய வம்சத்துப் பெண்தான் அனிதா. சரி, இத்தனை நூற்றாண்டு கழித்தும் அவளுக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம்? வரலாற்றில் காரணம் இருக்கிறது. அதற்கும் முன்பே சோழன் மூன்றாம் குலோத்துங்கன் மதுரைக்குள் புகுந்து, பாண்டியர் முடிசூடும் மண்டபத்தை இடித்து, அந்த இடத்தைக் கழுதை பூட்டி உழுததை அவனுடைய மெய்க்கீர்த்தியே (கல்வெட்டில் அரசன் புகழைப் பாடும் பகுதி) பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. அப்புறம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் கிளம்பி வந்து தஞ்சையையும் உறையூரையும் கொளுத்தினான். ஆக இடித்ததும் எரித்ததும் இரண்டு பக்கமும் நடந்திருக்கிறது. படம் சோழர்களின் கண்ணீரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டது. அதனால்தான் உங்களுக்கு அவள் வெறும் வில்லி.

திரைக்கதை தராத அந்த மற்ற பாதியை ரீமா சென் முகத்தில் கொண்டுவருகிறார். முடிவு தெரிந்த பிறகு முதல் பாதியை மட்டும் மறுபடி பாருங்கள். காட்டிலும் பாலைவனத்திலும் கூட இருப்பவர்கள் பயந்து சாகும்போது அனிதாவிடம் இருப்பது அவசரம், பயம் இல்லை. முத்து (கார்த்தி) வழிந்து வழிந்து பேசினால் அவள் சிரிக்கிறாள், ஆனால் இவன் எதுவரைக்கும் உதவுவான் என்ற கணக்கும் அந்தச் சிரிப்பிலேயே ஓடுகிறது. லாவண்யாவோடு போடும் குழாயடிச் சண்டையில்கூட (அந்தச் சண்டையெல்லாம் படத்துக்கு எதற்கு என்பது வேறு விஷயம்) ஆண்ட்ரியா உண்மையிலேயே கோபப்படுகிறார், ரீமாவோ வேறு எதையோ நினைத்துக்கொண்டே சண்டை போடுகிறார். தன்னை யாருக்கும் பிடிக்க வேண்டும் என்று ஒரு இடத்திலும் கெஞ்சாத கதாநாயகி, 2010 பொங்கலுக்கு வந்த ஒரு பெரிய தமிழ்ப் படத்தில்! எனக்கு அது இன்றும் ஆச்சரியம்தான்.

குரல் ஐஸ்வர்யா ரஜினிகாந்துடையது, நன்றாகவே பேசியிருக்கிறார், பாராட்டில் அவருக்கும் பங்கு உண்டு. ஆனால் கல்கத்தாவிலிருந்து வந்த ஒரு பெண் இரண்டாம் பாதியில் ஒளிந்து வாழும் சோழர்கள் நடுவே பேசும் பழந்தமிழை உதட்டிலும் கழுத்திலும் கண்ணிலும் நம்பும்படி கொண்டுவந்தாரே, அதை யாரும் டப்பிங் தியேட்டரில் சேர்க்க முடியாது.

படத்துக்கு வருவோம். பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு தியேட்டரில்தான் பார்த்தேன். கார்த்தி வாயைத் திறந்தாலே விசில். நம்ம ஆளு மாதிரி பேசுகிற, மூட்டை தூக்குகிற ஒருத்தன் ஹீரோ என்றால் சும்மாவா இருப்பார்கள்? இடைவேளைக்கு அப்புறம் அந்தச் சத்தம் மெல்ல அடங்கியது, பின்னாலிருந்து ஒருவர் “இன்னாப்பா பேசிக்கினு கீறானுங்கோ” என்றார். எனக்கு மொழி தடையில்லை, பொறுமைதான் போனது. சோழ ராஜா முன்னால் நடக்கும் அந்த மைதானத்துக் கொலைகள் முடியவே மாட்டேன் என்கின்றன. முத்துவோடு வந்த கூலிக்காரர்கள் கும்பல் கும்பலாகச் செத்துப்போனார்கள், அதில் ஒருத்தனுடைய முகமாவது உங்கள் ஃப்ரெண்ட்ஸுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். நடராஜர் நிழல் விழும் காட்சி மாதிரி ஒன்றை யோசித்தவர் மீதியை ஏன் இப்படி இழுத்தார் என்ற எரிச்சல் எனக்கு இன்னும் போகவில்லை. 2021 கடைசியில் மறுபடி தியேட்டருக்கு வந்தபோது ஊரே கொண்டாடியது, நானும் போய்ப் பார்த்தேன், அதே இடத்தில் அதே மாதிரி நெளிந்தேன்.

ரீமா ஏற்கெனவே 2006இல் ‘வல்லவன்’ படத்தில் நெகட்டிவ் ரோல் செய்தவர்தான். அங்கே கத்திக் கத்தி மிரட்ட வேண்டியிருந்தது. இங்கே அந்த மிரட்டலைப் பெரும்பாலும் உள்ளேயே வைத்துக்கொள்கிறார், வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது சின்ன வித்தியாசம் இல்லை.

உங்கள் ஃப்ரெண்ட்ஸ் பார்த்திபன் பெயரைச் சொல்வார்கள். மறுக்க மாட்டேன், அந்தச் சோழ ராஜாவின் வலியை அவர் அழகாகச் செய்தார். ஆனால் அவருக்கு அழ, ஆட, சாக என்று எல்லாவற்றுக்கும் காட்சி எழுதிக் கொடுத்திருந்தார்கள் தம்பி. அனிதாவுக்கு அப்படி ஒன்றும் எழுதவில்லை.