எந்த ஊசி?

கேள்வி: லீவில் பிள்ளைகளோடு பார்க்கலாம் என்று 'ஓல்டு யெல்லர்' படத்தைப் போட்டேன். கடைசியில் பையனே வெறி பிடித்த தன் நாயைச் சுட்டுவிடுகிறான். எட்டு வயது மகள் அழுது தீர்த்துவிட்டாள். ஒரு ஊசி போட்டுக் காப்பாற்றியிருக்கக் கூடாதா? இதையா குடும்பப் படம் என்கிறார்கள்? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: எந்த ஊசி? கதை நடப்பது 1860-களின் கடைசியில், டெக்சாஸில் ஓர் ஒதுக்குப்புறப் பண்ணையில். வெறிநாய்க்கடிக்கு லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்குத் தடுப்பூசி போட்டது 1885-இல், பாரிஸில். அந்தப் பையன் டிராவிஸின் வீட்டில் இருந்தது துப்பாக்கி மட்டும்தான். சரி, கதை இன்றைக்கு நடப்பதாகவே வைத்துக்கொள்வோம். நோய் முற்றி வெளியே தெரிந்துவிட்ட நாயைக் காப்பாற்ற இப்போதும் மருந்து கிடையாது. மனிதர்களுக்கும் ஏறக்குறைய அதே கதிதான். கடிபட்டவுடன் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, தாமதிக்காமல் ஊசி போட்டுக்கொண்டால்தான் பிழைக்க வழி.

ஆக, அந்த நாய் எழுந்து வாலாட்டுவதாக 1957-இல் டிஸ்னி படத்தை முடித்திருந்தால், அது பிள்ளைகளிடம் சொன்ன பொய்யாக இருந்திருக்கும். ஃப்ரெட் கிப்சன் எழுதிய நாவலிலும் நாய் சாகிறது. திரைக்கதையில் அவருக்கும் பங்கு உண்டு. இயக்குநர் ராபர்ட் ஸ்டீவன்சன் அந்தச் சாவை மழுப்பவில்லை.

அது சும்மா அழ வைக்கச் செருகிய சாவும் அல்ல. அப்பா மாடுகளை ஓட்டிக்கொண்டு கன்சாஸ் போயிருக்கிறார். வீட்டுப் பொறுப்பு டிராவிஸ் தலையில். இறைச்சி திருடித் தின்ன வந்த இந்த மஞ்சள் நாயை முதலில் அவனுக்குக் கட்டோடு பிடிக்கவில்லை. அதுதான் தம்பியைக் கரடியிடமிருந்து காப்பாற்றுகிறது. காட்டுப் பன்றிகள் டிராவிஸைச் சூழ்ந்தபோது குறுக்கே பாய்ந்து வயிறு கிழிபடுகிறது. கடைசியில் அம்மாவை நோக்கி வந்த ஓநாயோடு மோதிக் கடி வாங்குகிறது. ஓநாய்க்கு வெறி பிடித்திருந்தது அம்மாவுக்குப் புரிந்துவிடுகிறது. அப்போதும் டிராவிஸ் கெஞ்சியதால், நாயை அடைத்துவைத்துக் காத்திருந்து பார்க்கிறார்கள். அது அவனையே பார்த்து உறுமிப் பல்லைக் காட்டும் நாள் வருகிறது. அம்மா தானே சுடத் தயாராகிறாள். என் நாய், நானே செய்கிறேன் என்கிறான் அவன். இதில் யாருடைய கொடுமை இருக்கிறது, சொல்லுங்கள்? அந்த வீட்டில் ஒருவரை ஒருவர் ஏமாற்றவில்லை. பையனிடம் அம்மா எதையும் மறைக்கவில்லை. இதைக் குடும்பப் படம் என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

அப்புறம், துப்பாக்கி வெடித்ததும் டிவியை அணைத்தீர்களா? அணைத்திருந்தால் மீதியையும் போடுங்கள். ஊர் திரும்பிய அப்பா டிராவிஸோடு உட்கார்ந்து பேசும் காட்சி அதற்குப் பிறகுதான் வருகிறது. முதலில் ஏறிட்டும் பார்க்காத குட்டியை, யெல்லரின் குட்டியை, அவன் ஏற்றுக்கொள்வதும் அங்கேதான். உங்கள் மகள் அழட்டும், பக்கத்தில் இருங்கள். அது வெறும் சினிமா என்று மட்டும் சொல்லி அடக்காதீர்கள். வீட்டில் நாய் இருந்தால் அதற்கு இந்த வருடத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று அவள் கேட்கக்கூடும். கேட்டால், அன்றைக்கே கால்நடை மருத்துவமனைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.