பெலின்சோனா: முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் மூன்று கோட்டைகளா?

சூரிச்சிலிருந்து ஒரே நாளில் போய்வரும் பயணத்தில், முழங்கால் வலியுள்ள உங்கள் அம்மாவால் தெற்கு சுவிட்சர்லாந்து நகரமான பெலின்சோனாவின் மூன்று கோட்டைகளையும் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் வேண்டாம், காஸ்டெல்கிராண்டேயை நிதானமாகப் பாருங்கள் என்பதே என் கருத்து.

நகர நடுவில் தனிப் பாறைமேல் நிற்கும் அந்தக் கோட்டைக்கு, சோலே சதுக்கத்தின் ஓரத்தில் பாறையைக் குடைந்து அமைத்த மின்தூக்கி உண்டு. கான்கிரீட் சுவர்களுக்கு இடையே பாறைக்குள் நுழைந்து ஏறினால், படியேறும் சிரமமின்றி மேலே போய்விடலாம். கோபுரத்துக்குள் ஏறுவதை மட்டும் அவர் தவிர்க்கட்டும். அங்கிருந்து ஆற்றை நோக்கி இறங்கும் நீண்ட மதிலை அவசியம் காட்டுங்கள். ஆல்ப்ஸ் கணவாய்களிலிருந்து தெற்கே வரும் பள்ளத்தாக்கையே மிலான் பிரபுக்கள் இப்படிக் குறுக்கே அடைத்தார்கள் என்பது அந்த இடத்தில் நின்றால்தான் விளங்கும்.

எதிர்ச்சரிவிலுள்ள இரண்டாவது கோட்டையான மொன்டெபெல்லோவுக்குச் செங்குத்தான நடைபாதையில் அழைத்துச் செல்லாதீர்கள், டாக்சியில் போங்கள். 1478இல் ஜோர்னிகோவில் சுவிஸ் படையிடம் தோற்ற மிலான்காரர்கள் மறு ஆண்டே அவசரமாக எழுப்பிய மூன்றாவது கோட்டையான சாஸ்ஸோ கோர்பாரோ, நகரத்திலிருந்து சுமார் 230 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த முறை அதை விட்டுவிடலாம்.

ஆல்ப்ஸ் மலைக்கு அடியில் செல்லும் கோத்தார்டு அடித்தளச் சுரங்கம் வழியாக ஓடும் நேரடி ரயில் இரண்டு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடும். சனிக்கிழமை காலை என்றால், பழைய நகரத் தெருக்களில் கூடும் சந்தையும் அம்மாவுக்குப் பிடிக்கும்.