2021-இல் 93 வெற்றி, 2024-இல் 121 தோல்வி: சிகாகோ ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணி ஏன் இப்படிச் சரிந்தது?

பிட்சிங்தான் (பந்துவீச்சு) காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதிதான் சரி. 1962-இல் நியூயார்க் மெட்ஸ் கண்ட 120 தோல்விதான் 1900-க்குப் பிறகு அதுவரை மிக மோசமானது, அதையும் தாண்டிவிட்டார்கள். நடுவில் தொடர்ச்சியாக 21 தோல்வி வேறு.

எனக்கு எரிச்சல், அணியைப் பிரித்து விற்ற விதம்தான். 2023 ஜூலையில் பிட்சர்கள் ஜியோலிட்டோவும் லான்ஸ் லின்னும் வேறு அணிகளுக்குப் போனார்கள். அடுத்த மார்ச்சில், சீசன் தொடங்கும் தறுவாயில், இன்னொரு பிட்சர் டிலன் சீஸ். 2024 ஜூலையில் பிட்சர்கள் ஃபெடியும் கோபெக்கும். கோபெக் அதே ஆண்டு டாட்ஜர்ஸ் அணியோடு உலகத் தொடர் கோப்பையே வென்றார். வயிறு எரியாதா?

மிஞ்சிய நல்ல பிட்சர் கேரட் குரோஷே. ஏற்கெனவே முழங்கையில் அறுவை சிகிச்சை ஆனவர், ஸ்டார்ட்டராக (ஆட்டத்தைத் தொடங்கி வீசுபவராக) வீசுவது அதுதான் முதல் சீசன். அதனால் பின்பாதியில் நாலு இன்னிங்ஸுக்கு மேல் விடவில்லை. ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸில் மீதி ஐந்தை ரிலீவர்கள் (இடையில் வந்து வீசுபவர்கள்) தாங்க வேண்டும்; கையிலிருந்த ஆட்டங்கள் நழுவியது அங்கேதான்.

ஆனால் பேட்டிங்? 162 ஆட்டத்தில் 507 ரன், லீக்கிலேயே கடைசி. ஆட்டத்துக்கு மூன்று ரன் சொச்சத்தை வைத்துக்கொண்டு எந்தப் பிட்சர் ஜெயிப்பார்? ஆகஸ்டில் மேனேஜர் (தலைமைப் பயிற்சியாளர்) கிரிஃபோலை நீக்கினார்கள். அப்புறமும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை.