‘ஹேப்பி’ போடக்கூடாத நாட்கள்

வாசகர் கேள்வி – பதில்

மனிதவளப் பிரிவில் வேலை பார்க்கிறேன். புனித வெள்ளியன்று அலுவலக வாட்ஸ்ஆப் குழுவில் ‘ஹேப்பி குட் ஃபிரைடே’ என்று பூங்கொத்துப் படத்தோடு போட்டுவிட்டேன். முப்பது பேர் கைகூப்பினார்கள். கிறிஸ்தவரான ஒருவர் மட்டும் தனியாக, “மேடம், அது துக்க நாள்” என்று எழுதியிருந்தார். இப்போது என்ன செய்வது?
– வாசகி, பெருங்குடி

முதலில் அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். பிறகு அதே குழுவில் இரண்டே வரி: “காலையில் போட்ட வாழ்த்து தவறு. இன்று இயேசுவின் பாடுகளை நினைக்கும் நாள், வருந்துகிறேன்.” இதற்கு மேல் விளக்கம் எழுதினால் மன்னிப்பு கேட்டது போய், உங்களைச் சமாதானப்படுத்தும் வேலை அவர் தலையில் விழும். தனியாக எழுதியவருக்கு “சொன்னதற்கு நன்றி” போதும். அவர் பெயரைக் குழுவில் இழுக்காதீர்கள்.

குழப்பம் ‘குட்’ என்ற சொல்லில் தொடங்குகிறது. அங்கே அதற்குப் புனிதம் என்றுதான் பொருள். தமிழில் ‘பெரிய வெள்ளி’, ‘புனித வெள்ளி’ என்று சொல்லிப் பார்த்தாலே கை தானாக நின்றுவிடும். அன்று கத்தோலிக்க ஆலயங்களில் திருப்பலியே (பூசை) கிடையாது. பிற்பகல் மூன்று மணியையொட்டிப் பாடுகளின் வழிபாடும் சிலுவை ஆராதனையும்தான். சி.எஸ்.ஐ. ஆலயங்களில் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை மும்மணி ஆராதனை, சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளின் மேல் தியானம். கத்தோலிக்கரில் 18 வயதிலிருந்து 59 வரை உள்ளவர்களுக்கு அன்று ஒருசந்தி: ஒரு முழுச் சாப்பாடு, தேவைப்பட்டால் இரண்டு சிறு உணவு. 14 வயதுக்கு மேல் யாருக்கும் இறைச்சி இல்லை.

குறிப்பிட்டு ஏதாவது சொல்ல விரும்பினால், வியாழன் மாலையே தனியாக: “நாளை பெரிய வெள்ளி. உங்களை நினைத்துக்கொள்கிறோம், திங்கள் வரை வேலையைப் பற்றிக் கவலை வேண்டாம்.” பின்பாதிதான் முக்கியம். வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக விடுமுறையிலும் ஆள் வைக்கும் அலுவலகமென்றால் பன்னிரண்டு முதல் ஐந்து வரை அவரை அழைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூங்கொத்துப் படத்தைத் தூக்கிப் போட வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டர் வாழ்த்துக்கு உதவும். சனிக்கிழமை பகலில் அனுப்பிவிடாதீர்கள்; உயிர்ப்பு விழா அன்றிரவு திருவிழிப்பில்தான் தொடங்குகிறது.

தவக்காலம் தொடங்கும் புதன்கிழமை பற்றியும் சொல்லிவிடுகிறோம். நெற்றியில் சாம்பலோடு ஒருவர் வந்தால், “முகத்தில் கரி ஒட்டியிருக்கு” என்று டிஷ்யூ நீட்டாதீர்கள். அது சாம்பல் புதன். அவர் அதைத் துடைக்காமல்தான் வந்திருக்கிறார்.

என் குழுவில் இருவர் ரமலான் நோன்பு வைக்கிறார்கள். அவர்கள் முன்னால் சாப்பிடக் கூச்சமாக இருக்கிறது. ஒரு நாள் அலுவலகத்திலேயே நோன்பு திறக்கும் இப்தார் விருந்து வைக்கலாமா? எப்படிச் செய்வது?
– வாசகர், கோவை

கூச்சம் வேண்டாம். எதிரே நீங்கள் தயிர்சாதம் சாப்பிடுவதால் அவர் நோன்புக்கு ஒன்றும் ஆகாது. “தண்ணிகூடக் குடிக்கக்கூடாதா? பாவம்!” என்று தினம் ஒருவர் கேட்பதுதான் அலுப்பு. ஆமாம், தண்ணீரும் கூடாது. வைகறையிலிருந்து சூரியன் மறையும் வரை, நம் ஊரில் சுமார் 13 மணி நேரம். ரமலான் துக்க மாதம் அல்ல, ‘ரமலான் முபாரக்’ என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஒரு கேள்வியை மட்டும் யாரிடமும் கேட்கக்கூடாது: “இன்னைக்கு ஏன் நோன்பு இல்லை?” நோயாளிகள், பயணத்தில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், மாதவிடாய்க் காலத்திலிருக்கும் பெண்கள் எல்லோருக்கும் விலக்கு உண்டு. விட்ட நோன்பைப் பிறகு வைத்துக்கொள்வார்கள். பொது இடத்தில் கேட்டால் அந்தப் பெண் என்ன பதில் சொல்வார்?

நோன்புக்கு முந்தைய சஹர் சாப்பாட்டுக்காக அதிகாலை நாலு மணிக்கே எழுந்திருப்பார்கள். அதனால் தலையைப் பிய்க்கும் வேலைகளைக் காலை பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் வையுங்கள். மாலை ஐந்தரைக்கு ‘சின்ன மீட்டிங்’ என்று ஆரம்பிப்பது பெரிய தொல்லை. பாங்கு சொன்னதும் நோன்பைத் திறந்துவிட வேண்டும், தள்ளிப்போடுவது அவர்களுக்கு உவப்பில்லை. சூரியன் மறைந்ததும் தொழும் மஃரிப் தொழுகைக்கான நேரமும் குறுகியது.

அலுவலக இப்தார் நல்ல யோசனைதான். ஆனால் இந்த ஏற்பாடு சொதப்புவது பெரும்பாலும் சாப்பாட்டில் அல்ல, நேரத்தில். பக்கத்துப் பள்ளிவாசல் வெளியிடும் நோன்பு அட்டவணையை வாங்கி, அன்றைய மஃரிப் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கூகுளைவிட அதுதான் அவர்கள் கணக்கு. கால் மணி நேரம் முன்பே எல்லோரும் உட்கார்ந்திருக்க வேண்டும். தலைக்கு மூன்று பேரீச்சம்பழம், ஒரு தண்ணீர் பாட்டில், கால் லிட்டர் நோன்புக் கஞ்சி, இரண்டு வடை. இது திறப்பதற்கு. பிறகு தொழுகைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, அதன் பின்தான் பிரியாணி. மேலாளர் பேச விரும்பினால் அந்த இடைவேளை முடிந்த பிறகு பேசட்டும். பாங்கு ஒலிக்கும்போது மைக்கைப் பிடித்துக்கொண்டு நல்லிணக்கம் பற்றிப் பேசும் மேலாளரையும், பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்க்கும் ஊழியர்களையும் பல அலுவலகங்கள் கண்டிருக்கின்றன.

கஞ்சியில் பல கடைகள் கறி சேர்க்கும். சைவக்காரர்களுக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, மேலே சீட்டு ஒட்டி. கறி வாங்கும் கடை ஹலாலா என்பதை உங்கள் இருவரிடமே கேட்டுவிடுங்கள், கடையையும் அவர்களே சொல்வார்கள்.

தொழுகைக்கு ஆளுக்கு ஒரு பாய் விரிக்கிற அளவு சுத்தமான இடம், எதிர்ச் சுவரில் படங்கள் இல்லாமல். தொழும்போது நோக்கும் திசையான கிப்லா நம் ஊரிலிருந்து மேற்கே, சற்று வடக்காக. தொழுகைக்கு முன் ஒளு (கழுவிச் சுத்தம்) செய்ய முகம், கை மட்டுமல்ல, காலும் கழுவ வேண்டும். வாஷ்பேசினில் காலைத் தூக்கிக் கழுவினால் தரையெல்லாம் ஈரமாகி, துப்புரவுப் பணியாளர் முகம் சுளிப்பார். தாழ்வான குழாய் உள்ள இடத்தில் ஒரு ஸ்டூல், ஒரு மக், காலடியில் ரப்பர் விரிப்பு வைத்துவிடுங்கள். இந்த ஐந்நூறு ரூபாய்ச் செலவு பேனர் அடிப்பதைவிட மேல்.

பெருநாள் விடுப்பை ஒரே தேதியில் பூட்டாதீர்கள். மாதம் 29 நாளா 30 நாளா என்பது பிறை பார்த்துத்தான் தெரியும். தமிழ்நாட்டில் தலைமை காஜி அறிவிப்பார், முந்தின இரவுதான். அடுத்தடுத்த இரண்டு நாட்களுக்கும் மாற்று ஆள் வைத்துவிட்டால் தகராறில்லை.

முஹர்ரமுக்கு வாழ்த்து சொல்லலாமா? அரசு விடுமுறை விடுகிறார்களே!
– வாசகர், வாணியம்பாடி

வேண்டாம். முஹர்ரம் 1 ஹிஜ்ரி புத்தாண்டு, விடுமுறை விடுவது 10ஆம் நாளான ஆஷுராவுக்கு. நபிகளின் பேரர் இமாம் ஹுசைன் 680ஆம் ஆண்டு கர்பலாவில் கொல்லப்பட்ட நாள் அது. முஸ்லிம்களில் ஷியா பிரிவினருக்குக் கறுப்பு உடுத்தி அழும் நாள். இந்திய ஷியாக்களில் பலர் இரண்டு மாதம் எட்டு நாள் துக்கம் காப்பார்கள், அந்த நாட்களில் கல்யாணம், பார்ட்டி எதற்கும் வரமாட்டார்கள். வற்புறுத்த வேண்டாம். சுன்னிகளில் பலருக்கு 9, 10 நாட்கள் விருப்ப நோன்பு. ‘நீங்க ஷியாவா, சன்னியா?’ என்று விசாரித்துவிட்டுச் செய்தி அனுப்புவதைவிட, ‘நாளை முஹர்ரம் விடுமுறை’ என்று மட்டும் போடுவது மேல்.

எங்கள் பட்டறையில் கார்த்திகை வந்தால் பத்துப் பேர் மாலை போட்டுவிடுகிறார்கள். செருப்புக்கூடப் போடமாட்டேன் என்கிறார்கள். நான் மேற்பார்வையாளர். சாமி விஷயத்தில் எப்படிக் கண்டிப்பது?
– வாசகர், ஓசூர்

கண்டிக்கிற நிலை வராமல் பார்ப்பதுதான் உங்கள் வேலை. கார்த்திகை 1க்கு ஒரு வாரம் முன்பே யார் யார் மாலை போடுகிறார்கள் என்று கேட்டுப் பட்டியல் எடுங்கள். 41 நாள் விரதம், அதற்கேற்ப வேலையை மாற்றிப் போட நேரம் கிடைக்கும். மாலை போட்ட அன்று பேசினால் அது சாமியோடு சண்டை ஆகிவிடும்.

விட்டுக்கொடுக்க முடியாதவை மூன்று. பாதுகாப்புக் காலணி முதலாவது. தோலுக்காகவோ பழைய தீட்டுக்காகவோதான் பலருக்கு மறுப்பு. தோல் இல்லாத புது ஜோடி ஒன்றைக் கொடுத்து, ஷாப் ஃப்ளோருக்குள் மட்டும் போட்டு, வாசலிலேயே கழற்றி வைக்கச் சொன்னால் பெரும்பாலான சாமிகள் ஒப்புக்கொள்வார்கள். அதற்கும் மறுப்பவரை ஸ்டோர்ஸ் கணக்கு, லேபிள் ஒட்டுவது போன்ற வேலைக்கு மாற்றுங்கள்.

இரண்டாவது வேட்டி, துண்டு, மாலை. லேத், டிரில்லிங் பக்கம் தொங்கும் துணி எதுவும் ஆகாது. ஒரு நூல் சுழலும் சக்கில் (வேலைப்பொருளைப் பிடிக்கும் பாகம்) மாட்டினால் ஆளையே இழுத்துவிடும். ஓடும் இயந்திரத்தைச் சோதிக்கிறவரும் எண்ணெய் போடுகிறவரும் இறுக்கமான உடைதான் உடுத்த வேண்டும் என்று 2025 நவம்பர் வரை நடப்பிலிருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. கறுப்புச் சட்டை, கறுப்பு பேன்ட்டுக்கு அனுமதி கொடுங்கள். மாலை பனியனுக்குள்ளே போய், மேல் பொத்தான் வரை மூடியிருக்கட்டும்.

மூன்றாவதைப் பலர் யோசிப்பதில்லை: தாடி. பெயின்ட் பூத்திலும் வெல்டிங்கிலும் போடுகிற மாஸ்க் முகத்தோலில் ஒட்டினால்தான் காற்றை வடிகட்டும். நாலைந்து நாள் தாடியே விளிம்பில் இடுக்கு விட்டுவிடும், புகை பக்கவாட்டில் புகும். சவரம் செய் என்று சொல்ல முடியாது. தலையை முழுதாக மூடி, மோட்டாரால் காற்று தரும் ஹூட் இருந்தால் கொடுங்கள். இல்லையென்றால் 41 நாளும் அந்த வேலைக்கு வேறு ஆள்.

மற்றபடி பெயர் சொல்லி அழைக்காமல் ‘சாமி’ என்று அழையுங்கள், உங்களைவிட இருபது வயது சின்னவராக இருந்தாலும். கேன்டீனில் அவர்களுக்கு முதல் பந்தி போடலாம், முட்டைக் கரண்டி சாம்பாருக்குள் போவதற்கு முன். இருமுடி கட்டுக்கு அழைத்தால் போய் ஒரு கைப்பிடி அரிசி போட்டுவிட்டு வாருங்கள். ஒருவர் திடீரென்று மாலையைக் கழற்றிவிட்டு வந்தால் காரணம் கேட்காதீர்கள். வீட்டில் சாவு விழுந்திருக்கலாம்.

நியூ ஜெர்சியில் இருக்கும் எங்கள் வாடிக்கையாளர் யூதர். யோம் கிப்பூருக்கு என்ன எழுதி அனுப்புவது?
– வாசகி, சோழிங்கநல்லூர்

‘ஹேப்பி யோம் கிப்பூர்’ மட்டும் வேண்டாம். அவர்களுக்குப் புத்தாண்டு திஷ்ரி மாதம் 1ஆம் நாள். அன்று ‘ஷனா தோவா’ என்று மகிழ்ச்சியாக வாழ்த்தலாம். 10ஆம் நாள் யோம் கிப்பூர், செய்த பிழைகளுக்கு மன்னிப்பு கேட்கும் நாள். சுமார் 25 மணி நேரம் சோறும் தண்ணீரும் இல்லை. ‘கமர் ஹதிமா தோவா’ என்பது மரபான சொல். நாவில் வராவிட்டால் “இந்த நாள் உங்களுக்கு நிறைவாக அமையட்டும்” என்பதை எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள். அவர் நோன்பு இருப்பார் என்று தெரிந்தால் நோன்பு சிரமமில்லாமல் கழியட்டும் என்றும் சேர்க்கலாம்.

அதைவிட அவர் கவனிக்கப்போவது உங்கள் ரிலீஸ் தேதியைத்தான். நோன்பு முந்தின நாள் சூரிய மறைவில் தொடங்குகிறது. நம் கடிகாரத்தில் அது அதிகாலை நாலே கால் போல. மறுநாள் அதே நேரத்தைத் தாண்டித்தான் முடியும். ஆக, நம்முடைய ஒரு முழு வேலைநாள் அவர் போனைத் தொடமாட்டார். ஒப்புதல் வேண்டிய எதையும் இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். மெயில் தலைப்பில் ‘அர்ஜென்ட்’ வேண்டாம்.

பக்கத்து சீட்டில் இருப்பவரின் அப்பா போன மாசி மாதம் தவறிவிட்டார். தீபாவளிக்கு எல்லோருக்கும் ஸ்வீட் பாக்ஸ் கொடுக்கிறோம். அவருக்கு எப்படி?
– வாசகர், மதுரை

பல வீடுகளில் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை இல்லை. ஆனால் பெட்டியே தராமல் தாண்டிப் போனால் ஒதுக்கியது போலாகிவிடும். ஒரு நாள் முன்னால் தனியாக, “உங்க வீட்டுல இந்த வருஷம் தீபாவளி உண்டா?” என்று கேளுங்கள், சங்கடமே இல்லாத கேள்வி அது. “இல்லை” என்றால், மற்றவர்களுக்குக் கொடுக்கும் சலசலப்பு அடங்கிய பிறகு பெட்டியைச் சும்மா கையில் கொடுங்கள், “பசங்களுக்கு” என்று. வாழ்த்து அட்டையை எடுத்துவிட்டு.

ஆடி, தை, மகாளய அமாவாசைகளிலும் திதி நாளிலும் இதே நிதானம்தான். தர்ப்பணம் முடித்துத் தாமதமாக வருகிறவரிடம் “என்ன விசேஷம்?” என்று கேட்காதீர்கள். அன்று வெளியில் சாப்பிடமாட்டார், பிறந்தநாள் கேக்கைக் கட்டாயப்படுத்தக்கூடாது. ‘மகாளய அமாவாசை நல்வாழ்த்துகள்’ என்று படம் போட்டவர்களும் உண்டு. போடாதீர்கள்.

சௌகார்பேட்டையிலிருந்து வரும் ஜைனச் சகா ஆவணி வாக்கில் ஒரு நாள் ‘மிச்சாமி துக்கடம்’ என்று எல்லோருக்கும் செய்தி அனுப்பினார். ‘சேம் டு யூ’ என்றேன். சரிதானே?
– வாசகர், ராயபுரம்

தற்செயலாகச் சரி! பர்யூஷண விரதத்தின் கடைசி நாளில் சொல்வது அது: தெரிந்தோ தெரியாமலோ உங்களுக்குச் செய்த தீங்குகள் வீணாகப் போகட்டும், மன்னியுங்கள். பலரும் ‘பரவாயில்லைங்க’ என்று பதில் போடுகிறார்கள். அது மன்னித்ததோடு நின்றுவிடுகிறது. அவரைப் போலவே நீங்களும் கேட்க வேண்டும். ‘மிச்சாமி துக்கடம்’ என்று அதே சொல்லையே திருப்பி எழுதுங்கள்.