நிறுவனத் தளத்தில் உள்ள அறிமுக உரையையே விக்கிப்பீடியாவில் போடலாமா?

கூடாது. முதல் காரணம் பதிப்புரிமை: யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் முறையாக வெளியிடாத உரையை அங்கே ஒட்டினால் நீக்கிவிடுவார்கள். அப்படி வெளியிட்டாலும் நடை ஒத்துவராது.

பம்பு செய்யும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தளத்தில் இப்படி இருக்கும்: “உலகத்தரம் வாய்ந்த நீர்த் தீர்வுகளை வழங்கும் முன்னோடி நாங்கள்.” உண்மையில் இது விளம்பரத்துக்கே உதவாது. பம்பு என்ற சொல்லே வரவில்லையே! “கிணற்றுக்கும் ஆழ்துளைக்கும் பம்பு செய்கிறோம், பழுதானால் 2 நாளில் சரிசெய்து தருவோம்” என்று எழுதினால் வாங்குபவருக்குப் புரியும். கலைக்களஞ்சியத்திலோ “முன்னோடி”யும் நிற்காது, “2 நாளில்” என்ற வாக்குறுதியும் நிற்காது. எந்த ஆண்டு தொடங்கியது, என்ன செய்கிறது என்பவை போதும்.

அதற்கும் முன் ஒரு கேள்வி இருக்கிறது. நிறுவனத்தோடு தொடர்பில்லாத நாளிதழோ நூலோ அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறதா? உங்கள் செய்திக்குறிப்பை அப்படியே அச்சிட்ட துணுக்கு கணக்கில் வராது. விரிவான சான்று எதுவும் இல்லையென்றால், எவ்வளவு அழகாக எழுதினாலும் கட்டுரை தங்காது. எழுதித் தருவதாகப் பணம் கேட்பவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை.

சம்பளத்துக்கோ கூலிக்கோ எழுதுபவர் யாருக்காக எழுதுகிறார் என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். 2014 முதல் விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் பயன்பாட்டு விதிகளே இதைக் கேட்கின்றன. ஏற்கெனவே உள்ள கட்டுரையில் பிழை இருந்தால் நீங்களே திருத்தாமல், அந்தக் கட்டுரையோடு இணைந்த உரையாடல் பக்கத்தில் சான்றோடு திருத்தம் கேளுங்கள். பதில் வரத் தாமதமாகலாம்.