விக்டர் ரெக்கார்டு கம்பெனியின் பழைய பதிவேடுகளில் அப்படி என்ன இருக்கிறது?

இசைத்தட்டு கையில் இருக்கும்போது பழைய ஆபீஸ் நோட்டு எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் காலத்துத் தட்டின் லேபிளில் பொதுவாகப் பதிவான தேதி இருக்காது. பாட்டு, பாடகர், ஒரு எண், அவ்வளவுதான்.

1901இல் நியூஜெர்சி மாநிலம் கேம்டனில் தொடங்கிய விக்டர், ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு எண் கொடுத்தது. 10 அங்குலத் தட்டு என்றால் முன்னால் பி, 12 அங்குலம் என்றால் சி. ஒரே பாட்டை இரண்டு மூன்று முறை பாடவைப்பார்கள். அதில் எது அச்சுக்குப் போனது, எதை நிறுத்திவைத்தார்கள், எதை அழித்தார்கள் என்பதெல்லாம் பதிவேட்டில்தான் இருக்கிறது. கடைக்கே வராத பாட்டுகளுக்கு அதுதான் பிறப்புச் சான்றிதழ், சில சமயம் இறப்புச் சான்றிதழும்! இந்த விவரங்களை கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகம் இணையத்தில் இலவசமாகத் தருகிறது.

பாரமவுண்ட் என்ற இன்னொரு அமெரிக்க இசைத்தட்டு நிறுவனத்தின் கதை வேறு. விஸ்கான்சினில் நாற்காலி செய்த கம்பெனி நடத்தியது அது. சார்லி பேட்டன் போன்ற புளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை வகை) கலைஞர்களைப் பதிவு செய்தும், அதன் ஆவணங்களில் பெரும்பகுதி மிஞ்சவில்லை. அதனால் ஆய்வாளர்கள் தட்டில் பொறித்த எண்ணையும் பழைய பத்திரிகை விளம்பரத்தையும் வைத்தே தேதியைக் கணிக்கிறார்கள்.