கார் ஹீட்டரில் குளிர்காற்றுதான் வருகிறது. டேஷ்போர்டுக்குள் இருந்து காற்றைச் சூடாக்கும் சிறு ரேடியேட்டரான ஹீட்டர் கோரை மாற்றத்தான் வேண்டுமா?

மாற்ற வேண்டியும் இருக்கலாம். ஆனால் இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு ஹீட்டருக்குப் போய்வரும் இரண்டு ரப்பர் குழாய்களைத் தொட்டுக்கூடப் பாராமல் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால், பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். டேஷ்போர்டையே கழற்ற வேண்டிய வேலை என்பதால் கூலி எக்கச்சக்கமாக ஆகும் என்று உங்களிடமும் சொல்லியிருப்பார்கள்.

கனடாவின் ஸ்கார்பரோவில் ஒரு ஜனவரியில் எனக்கும் இதையே சொன்னார்கள், அதுவும் பானட்டைத் திறக்காமலே. என் காரிலோ சிக்னலில் நிற்கும்போது காற்று ஓரளவு வெதுவெதுப்பாக வரும்; 401 நெடுஞ்சாலையில் ஏறி வேகமெடுத்ததும் வெப்பநிலை முள் நடுவிலிருந்து சரியத் தொடங்கும், காற்றும் சில்லிட்டுவிடும். கோர் அடைத்துக்கொண்டதென்றால் இன்ஜினின் சூடு ஏன் இறங்க வேண்டும் என்று கேட்டேன், பதில் இல்லை. இன்ஜினின் சூட்டை எடுத்துச் செல்லும் திரவமான கூலண்ட் ஏறத்தாழ 90 பாகை செல்சியஸை எட்டும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை அடைத்து வைத்திருக்க வேண்டியது தெர்மோஸ்டாட். அது திறந்தபடியே சிக்கிக்கொண்டால், ஓடும் வேகத்தில் ரேடியேட்டரில் மோதும் பனிக்காற்று இன்ஜினைச் சூடேறவே விடாது. வேறொரு கராஜில் தெர்மோஸ்டாட்டை மட்டும் மாற்றச் சொன்னேன். கழற்றிய பழையதைக் கையில் வாங்கிப் பார்த்தபோது, முழுவதும் ஆறிய நிலையிலும் அதன் தட்டு விரல் நகம் நுழையும் அளவுக்கு விலகியே நின்றது.

நான் மெக்கானிக் அல்லன்; இது எல்லாக் கார்களுக்கும் பொருந்தும் என்றும் சொல்லவில்லை, மின்சாரக் காருக்கு நிச்சயமாகப் பொருந்தாது. நிற்கும்போது குளிர்ந்தும் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் சூடாகவும் காற்று வந்தால், முதலில் கூலண்ட் குறைந்திருக்கிறதா, அது ஓடும் பாதைக்குள் காற்று அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் சூடாக இருக்கையில் மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டாம், கொதிநீர் முகத்தில் பீறிடும். இரண்டு குழாய்களும் சுட்டால், டேஷ்போர்டுக்குள் சூட்டையும் குளிரையும் கலக்கும் கதவோ அதைத் திருப்பும் சிறு மோட்டாரோ பழுதாகியிருக்கலாம். பல கார்களில் அப்போது உள்ளிருந்து டக் டக் என்று சத்தம் கேட்கும். ஒன்று சுட்டு மற்றது ஆறியிருந்தால்தான் கோரின் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும், அப்போதும் முதலில் நீர் பாய்ச்சிக் கழுவிப் பார்க்கச் சொல்லுங்கள். காருக்குள் இனித்த வாடையும், முன் இருக்கையின் காலடி விரிப்பில் ஈரமும், கண்ணாடியில் பிசுபிசுத்த படலமும் இருந்தால் கோர் ஒழுகுகிறது. அப்போது உங்கள் கராஜ்காரர் சொன்னதே சரி.

கூலண்ட் தொடர்ந்து குறைந்தும் எங்கும் ஒழுக்கு தென்படாவிட்டால் இன்ஜினின் மேற்பாகத்துக்கும் அடிப்பாகத்துக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் காஸ்கெட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். அதுவரை வண்டியை ஓட்டாதீர்கள்.